கழுவிவிட்ட பிரேக் வயர்

1. ஆற்றில் முதல் ஞாயிறு

முதல் நாள் என் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவை பாதி அரிவாள் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் இரண்டு, சைக்கிள் பெடல் ஒன்று. இடம் பூலாம்பட்டி, காவிரிக் கரை. எடப்பாடி வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, உள்ளங்கை அகலக் காந்தம் ஒன்றை நைலான் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் எறிவதும் இழுப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டே விட்டார்கள்.

"ஏனுங்க, என்ன மீனுக்குங்க அது?"

"மீனுக்கு இல்லீங்க. இரும்புக்கு."

"இரும்பு எரை எடுக்குமுங்களா?"

"எரை வேண்டாமுங்க. அதுவா வந்து ஒட்டிக்கும்."

"அட, அப்ப நாமதாண்டா முட்டாளுங்க. எரை வாங்கி வாங்கிக் காசைக் கரியாக்கறோம்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். பெடல் மேலே வந்தபோது அவரே எழுந்து வந்து பார்த்தார். "இன்னொரு பெடலும் வந்துட்டா பாதி சைக்கிள் ஆச்சுங்க. ஐப்பசிக்குள்ள முழுசா ஓட்டீட்டுப் போயிரலாம்."

நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் பொழுதுபோக்குதான்.

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டினேன். சத்தம் தாங்காமல் லாரியில் கிளீனராக ஏறினேன். அதிலிருந்து இறங்கி, போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனேன். எந்த வேலையிலும் ஏதாவது ஒரு நாள் காலையில் எழுந்து, போதும் என்று கிளம்பிவிடுவது என் பழக்கம். ரிக்கில் மட்டும் ஆறு வருடம் தாக்குப்பிடித்தேன். துளைக்குள், பாறையைக் குடையும் பிட் உடைந்து விழுந்துவிட்டால் பெரிய காந்தத்தை நீண்ட இரும்பு ராடில் மாட்டி இறக்கி எடுப்போம். அதற்கு ரிக்காரர்கள் ஃபிஷிங், அதாவது மீன் பிடிப்பது, என்றுதான் சொல்வார்கள். முதுகில் அடிபட்டு ஊர் திரும்பிய பிறகு, சேலம் சூரமங்கலத்தில் ஓர் அறையில் சும்மா படுத்திருந்தபோது, போனில் ஒரு வெள்ளைக்காரன் பாலத்தில் நின்றுகொண்டு கால்வாய்க்குள் காந்தம் எறிந்து சைக்கிள் எடுப்பதைப் பார்த்தேன். இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றியது. அடுத்த வாரம் ஒரு காந்தம் வரவழைத்தேன்.

அது வந்த அன்றே இடது கைச் சுண்டுவிரல் நகத்தை எடுத்துக்கொண்டது. அறையின் இரும்புக் கதவுக்கும் காந்தத்துக்கும் நடுவில் விரல் மாட்டிவிட்டது. இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காந்தத்தை எப்போதும் மரப்பெட்டியில் வையுங்கள்.

2. தேடப்படும் இரும்பு

வாராவாரம் ஆற்றில் கிடைத்ததைச் சாக்கில் கட்டி, ரயில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த கபீர் பாயின் பழைய இரும்புக் கடையில் போடுவேன். பஸ் செலவுக்குக்கூடப் பத்தாது.

"என்னப்பா, ஆத்தையே வாரம் கொஞ்சமா கழட்டி எடுத்துட்டு வர்றியா? ஒரு நா மேட்டூர் டேம் ஷட்டரோட வந்து நிக்கப் போறே, அதை நான் எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்பார் பாய்.

அவர் கடையில்தான் என் முதல் வேலை கிடைத்தது. பழைய பைப் போட வந்திருந்த ஒரு விவசாயி, கிணற்றுக்குள் பம்ப்செட் விழுந்து நான்கு நாளாகிறது, முங்கு நீச்சல்காரர் இருவர் இறங்கிப் பார்த்தும் அகப்படவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். பாய் என்னைக் காட்டி, "இந்தாள் ஆத்துல ஒத்தை ரூவாயையே எடுத்துட்டு வர்றான், உங்க மோட்டாரு எம்மாத்திரம்" என்றார். போனேன். அரை மணி நேரத்தில் காந்தம் மோட்டாரின் வார்ப்பிரும்பு உடம்பில் தொப்பென்று ஒட்டியது கயிற்றில் தெரிந்தது. அவருடைய ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். நான் கேட்காமலேயே என் சட்டைப் பையில் பணத்தை வைத்தார். ஆற்றில் ஒரு வருடம் எறிந்தாலும் வராத பணம் அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று புரிந்தது. ஆற்றில் கிடப்பது யாரும் தேடாத இரும்பு. கிணற்றில் கிடப்பது ஒருவர் தூக்கம் கெட்டுத் தேடிக்கொண்டிருக்கும் இரும்பு. எடுக்கும் பாடு இரண்டுக்கும் ஒன்றுதான். பொழுதுபோக்கு தொழிலானது இந்த இடத்தில்தான்.

இரண்டு காந்தம் வாங்கினேன், ஒன்று ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, ஒன்று இரு பக்கமும் பிடிப்பது. மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று செய்துகொண்டேன். பாரம் தூக்கும் செயின் பிளாக் பழையது வாங்கினேன். கயிற்றில் ஐந்தடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்தேன், ஆழம் சொல்ல. திருச்செங்கோட்டில் போர்வெல் ஏஜென்ட் அலுவலகங்களிலும், நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளிலும், வழியில் உள்ள லேத்துக் கடைகளிலும் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். பம்ப்செட், பைப், கடப்பாரை, தறியில் பாவு சுற்றும் பீம், ஒரு முறை ஒரு பீரோவின் சாவிக்கொத்து. கூப்பிடாத வாரம் இல்லை என்றானது.

கூப்பிட்டவுடன் கிளம்பாதீர்கள். விழுந்தது எந்த உலோகம் என்று முதலில் கேளுங்கள். எவர்சில்வர் உடம்புள்ள நீர்மூழ்கி மோட்டாருக்காக ராசிபுரம் பக்கம் அரை நாள் காந்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். அதற்குக் கொக்கிதான், காந்தம் தொடாது.

எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் எந்தக் கிணற்றிலும் நான் இறங்கியதில்லை. இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்ப மாட்டார்கள். "தண்ணியக் கண்டா பயப்படறவரு தண்ணியில பொழைக்கறாரு" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான்.

3. யாரும் வேண்டாத வண்டிகள்

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு முற்றத்தில் இருக்கும் உருண்டைக் கிணறு அல்ல. பாறையை வெட்டிச் சதுரமாக இறக்கியது, அறுபது எழுபது அடி ஆழம், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. வண்டித்தடம் அதன் ஓரத்திலேயே போகும். அதனால் ஆட்களும் விழுவார்கள், வண்டிகளும் விழும். தீயணைப்பு வண்டி வந்து ஆளை எடுக்கும். வண்டி அடியிலேயே கிடக்கும். அதை எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள்.

சாவு நடந்த கிணற்றிலிருந்து வந்த இரும்பை எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் வீட்டு வாசலுக்குள் ஏற்றுவதில்லை. கருமாதிக்கு முன் கிணற்றை முழுக்க இறைத்துவிடுவார்கள். அதற்கு முன்பு உள்ளே கிடப்பது வெளியே வந்தாக வேண்டும், வந்தது கண்ணில் படாமல் போய்விடவும் வேண்டும். "நீங்களே எங்கியாச்சும் கொண்டு போயிருங்க" என்பார்கள். கூலியும் தருவார்கள், வண்டியும் எனக்கே. நான் அதை டீசலில் கழுவி, இன்ஜினைப் பிரித்துத் துடைத்து, கெட்டதை மாற்றி, வேறு ஊரில் விற்றுவிடுவேன். எங்கிருந்து வந்தது என்று வாங்குபவரிடம் சொல்ல மாட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், என் தொழிலில் நல்ல லாபம் வந்தது இதிலிருந்துதான். சூரமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தது இந்தப் பணத்தில்தான்.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அது துருவைப் படிப்பதில். தண்ணீரிலிருந்து வந்த இரும்பைப் பார்த்தால் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். இப்போது உடைந்த முனை வெள்ளையாக மின்னும். சில நாள் தண்ணீரில் கிடந்த முனையில் செம்மஞ்சள் ஏறியிருக்கும். வருடக்கணக்கில் கிடந்தது கறுத்துப் பொருக்கு விடும். விவசாயிகள் கூடி நின்று, "இது எப்ப வுழுந்துதுங்க சொல்லுங்க பாக்கலாம்" என்று பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

4. பதினோராம் நாள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, எடப்பாடிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ராமசாமி என்பவர் கூப்பிட்டார். அவருடைய தம்பி குமரேசன் மொபெட்டோடு கிணற்றில் விழுந்து இறந்து பதினோரு நாளாகியிருந்தது. கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி, வேலிகளுக்கு நடுவே இறக்கமாக வரும் இட்டேரித் தடம் கிணற்று மேட்டில்தான் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் வண்டி நேரே போயிருக்கிறது.

நான் போனபோது ராமசாமி ஒருவர்தான் நின்றிருந்தார். மொட்டையடித்த தலை.

"வெளிய எடுத்ததும் இந்தப் பக்கமே கொண்டு போயிருங்க. ஊட்டு வழியா வேண்டாம்."

"சரிங்க."

ஸ்டாண்டைப் போட்டு, காந்தத்தை இறக்கினேன். இரண்டாவது முறையிலேயே ஒட்டியது. ஹேண்டில்பாரின் இடது பக்கம், பின் பிரேக் லீவர் இருக்கும் இடத்தில் பிடித்திருந்தது. செயின் பிளாக்கில் ஏற்றினேன். பாதிக் கிணறு வந்ததும் வண்டி படிக்கட்டுக் கல்லில் இடித்து, காந்தத்திலிருந்து நழுவி மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. மீண்டும் இறக்கினேன். இந்த முறை ஃபிரேமில் பிடித்து மேலே வந்தது. கொக்கியை மாட்டி மேட்டில் சாய்த்தேன். ராமசாமி அதைப் பார்க்காமல் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தார்.

அன்று மதியமே கொட்டகையில் வண்டியைப் பிரித்தேன். முன் பிரேக்குக்கு வயரே இல்லை, எப்போதோ கழற்றி விட்டிருக்கிறார்கள். பின் பிரேக் வயர் லீவர் பக்கத்தில் அறுந்திருந்தது. இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தும் வேலை மிச்சமாயிற்று. உருவி எடுத்து, மற்ற வயர்களோடு சேர்த்துப் பழைய இரும்புச் சாக்கில் போட்டேன். எல்லாவற்றின் மேலும் டீசல் ஊற்றிக் கழுவினேன். மூன்றாவது வாரம் இளம்பிள்ளையில் ஒருவருக்கு வண்டியை விற்றேன். தறிக்காரர்களிடமிருந்து சேலைக் கட்டுகளை எடுத்துக் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுபவர் அவர்.

5. செல்வி வந்தார்

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். பஸ் டிக்கெட்டை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

"காந்தம் போடறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. என்ன வுழுந்துதுங்க?"

"ஒண்ணும் வுழுகலீங்க. ராமசாமி தம்பி வண்டிய எடுத்தீங்களே. நான் அவரு சம்சாரம்."

ஸ்டூலைப் போட்டேன். உட்காரவில்லை. பெயர் செல்வி என்றார். நின்றபடியே சொன்னார்.

குமரேசன் இறந்த அன்று காலையில் இருவருக்கும் சண்டை. தறியை விற்றுவிட்டு வேறு ஏதோ தொழில் செய்யப் போகிறேன் என்று அவர் சொல்ல, இவர் வீதியில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "அப்படி வித்துட்டு ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்றாராம். அதை நாலு வீடு கேட்டிருக்கிறது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். திரும்பவில்லை. போலீஸ் வந்து விசாரித்து, தவறி விழுந்ததாகத்தான் எழுதினார்கள். ஆனால் அவர் குடும்பத்தில் யாரும் அதை ஏற்கவில்லை. இவள் சொன்ன சொல்லில்தான் போய் விழுந்தான் என்கிறார்கள்.

"எம் புள்ளைக்கு ஆறு வயசுங்க. பேரு தேவிகா. அப்பனைக் கொன்னவகிட்ட புள்ளைய உட மாட்டோம், நீ மட்டும் உங்கப்பன் ஊட்டுக்குப் போங்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கத்துச் சொந்தமும் கூடிப் பேசறாங்க."

"நான் என்னங்க பண்ணோணும்?"

"அந்த வண்டியில பிரேக்கு புடிக்காது, வயரு நைஞ்சு கெடக்குதுன்னு அவரு ஒரு வாரமா சொல்லீட்டே இருந்தாருங்க. அது அறுந்துதான் போயிருக்கும். எறக்கத்துல நிக்காமப் போயிருக்கும். நீங்கதான் வண்டியக் கழட்டுனீங்க. அறுந்திருந்துதா?"

"அறுந்திருந்துதுங்க."

அவர் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வந்து அதை மட்டும் சொல்லீருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார்.

வாரேன் என்றேன்.

அவர் போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வயர் எப்போது அறுந்தது? இறக்கத்தில் லீவரைப் பிடித்தபோதா, இல்லை என் காந்தம் லீவரோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, கல்லில் இடித்து நழுவியபோதா? முதலாவதாக இருந்தால், அறுந்த முனை பதினோரு நாள் தண்ணீரில் இருந்திருக்கும், செம்மஞ்சள் ஏறியிருக்கும். இரண்டாவதாக இருந்தால் வெள்ளையாக மின்னியிருக்கும். ஒரு பார்வை போதும். பந்தயம் கட்டி ஜெயிக்கிறவன் நான். அந்த முனையைக் கையில் பிடித்தவன் நான். பார்க்கவில்லை. நட்டுத் தளர்த்தும் வேலை மிச்சம் என்று மட்டும் நினைத்தேன்.

கபீர் பாயிடம் ஓடினேன். சாக்கைத் தேட வேண்டும் என்றேன்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தின சாக்கா? அதெல்லாம் லாரி ஏறி உருக்காலைக்குப் போய், இந்நேரம் எவன் ஊட்டுக்குக் கம்பியா நிக்குதோ. என்ன, தங்கம் கிங்கம் போட்டுட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். பாய் தராசை விட்டு எழுந்து வந்தார்.

"உனக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். அறுந்திருந்ததா? அறுந்திருந்துச்சு. அது பொய்யில்லையே. சொல்லிட்டு வந்துரு. ஜாஸ்தியா ஒரு வார்த்தை பேசாதே."

இளம்பிள்ளைக்கும் போனேன். வண்டியைப் பார்த்தால் ஏதாவது நினைவு வருமா என்று. சேலைக்காரர் நான் வந்ததில் சந்தோஷப்பட்டார். "வண்டி அருமைங்க. பிரேக்கு மட்டும் கப்புனு புடிக்குது. புது வயருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய மகள் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று அவரிடம் இன்று வரை நான் சொல்லவில்லை.

6. இரண்டாவது வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை ராமசாமி வீட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். செல்வி தன் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். தேவிகாவைக் காணவில்லை, உள்ளே வைத்திருந்தார்கள்.

ராமசாமி கெட்டவர் அல்ல. அதையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் என்னிடம் அமைதியாகத்தான் கேட்டார்.

"எந் தம்பி போயிட்டானுங்க. எதுக்குப் போனான்னு எனக்குத் தெரியோணும். அவ்வளவுதான். வண்டியக் கழட்டுறப்ப பிரேக்கு வயரு எப்படி இருந்துதுங்க?"

"அறுந்து இருந்துதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செல்வியின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கிட்டீங்களா? பாத்தவரே சொல்றாரு. எம் பொண்ணு மேல பழியப் போட்டீங்களே" என்றார்.

ராமசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெரியவர், "சரி, ராமா. பிரேக்கு அறுந்த வண்டி எறக்கத்துல எங்க நிக்கும்? போனது போச்சு. புள்ளையக் கூட்டியாங்க" என்றார். ஒரு பெண் எழுந்து வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ரிக்கில் ஒரு பழக்கம் உண்டு. பிட் துளைக்குள் போய்விட்டால் டிரில்லர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்பார். நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும், தன் கை தவறியதையும் சேர்த்து. ஒன்றை மறைத்தால் அதைத் தெரியாமல் அடுத்த ராடையும் இறக்கி, அதுவும் போய்விடும். பாதி சொல்பவனை அடுத்த துளை போடும் இடத்துக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். ஆறு வருடம் அப்படியே பேசிப் பழகியவன். அந்தப் பெண் வாசற்படியில் கால் வைப்பதற்குள் என் வாய் தானாகத் திறந்தது.

"ஆனா ஒண்ணுங்க. நான் மேல தூக்குறப்ப காந்தம் அந்த லீவருலதான் புடிச்சிருந்துது. ஒருக்கா நழுவிக் கல்லுல இடிச்சு வுழுந்துதுங்க. வயரு அப்பவும் அறுந்திருக்கலாமுங்க. எனக்குத் தெரியலீங்க."

ராமசாமி நிமிர்ந்தார்.

"நழுவுனதை நானும் பாத்தேன்" என்றார் மெதுவாக. "சத்தம் கேட்டுது."

"அறுந்த முனையைப் பாத்தா தெரியுமுங்க" என்றேன். "நான் பாக்கலீங்க."

"அப்ப ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றது வேறொரு குரல். அதற்குப் பின் பலரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தெரியாது என்றால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. வீதியில் செல்வி போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். வயர் அறுந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. உள்ளே போகத் திரும்பிய பெண் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். செல்வியின் அப்பா இரண்டு முறை எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவரை உட்காரச் சொன்னார்கள். பிள்ளை ராமசாமி வீட்டிலேயே வளரட்டும், அம்மா வேண்டுமானால் வந்து பார்த்துப் போகலாம் என்று முடிவானது.

நான் கிளம்பி வேலிப் படலைத் தாண்டும்போது செல்வி பின்னால் வந்தார். அழுகை இல்லை. கோபமும் இல்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தாப் போதுமுங்களே" என்றார்.

"உள்ளதைச் சொன்னேங்க."

"உள்ளது என்னன்னு உங்களுக்கே தெரியலையேங்க. தெரியாததை எதுக்குங்க சொன்னீங்க?"

படலைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

தொழில் நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. இந்த ஊரில் எந்த வேலையிலும் இத்தனை வருடம் நான் நின்றதில்லை. என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் காந்தம் போடும் இளைஞர்கள் இப்போது சேலத்தில் சிலர் இருக்கிறார்கள். அதைத் தொழிலாக்குவது எப்படி என்று போன் செய்து கேட்கிறார்கள். காந்தம் எங்கே வாங்குவது, கயிறு எத்தனை மில்லிமீட்டர் என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அது சுலபம்.

சொல்ல வேண்டியது இன்னொன்று. தண்ணீரிலிருந்து வந்த எதையும் உடனே கழுவாதீர்கள். மேட்டில் சாய்த்தவுடன் நான்கு பக்கமும் பாருங்கள். உடைந்தது, அறுந்தது, வளைந்தது எதுவானாலும் முனையைப் பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். உடையவர் திரும்பிக்கொண்டு நின்றாலும் கூப்பிட்டு ஒரு முறை காட்டுங்கள். தூக்கும்போது காந்தம் எங்கே பிடித்தது, எங்கே நழுவியது என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சாவு நடந்த கிணற்று வண்டிகளை எடுத்துக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வதில்லை. அதனால் வருமானம் குறைந்தது. பரவாயில்லை.

செல்வி எடப்பாடியில் ஒரு தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறார். தேவிகாவுக்கு இப்போது பத்து வயது. வருடத்தில் இரண்டு மூன்று முறை செல்வியிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதற்கல்ல.

"அந்த முனை நெனப்பு வந்துச்சுங்களா?"

நான் யோசிக்காமல் இருப்பதில்லை. தினமும் மனதுக்குள் அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். சில நாள் முனையில் செம்மஞ்சள் தெரிகிறது. சில நாள் வெள்ளையாக மின்னுகிறது. நான் எதை நினைத்து எடுக்கிறேனோ அதைக் காட்டுகிறது. அது நினைவல்ல, என் ஆசை என்று தெரியும். நினைப்பு வந்துவிட்டது, முனையில் துரு இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பிள்ளை கிடைக்குமோ கிடைக்காதோ, தூக்கமாவது வரலாம். பாய் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்வார். அவர் போன வருடம் காலமாகிவிட்டார்.

"இல்லீங்க" என்பேன்.

"சரிங்க" என்று வைத்துவிடுவார்.

போன மாதமும் செல்வி கூப்பிட்டார். கிணற்று மேட்டில் கயிறு பாதி இறங்கிய நிலையில் இருந்தேன். செயினைப் பூட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, போனை எடுத்தேன்.